முயற்சி போதாது என்று எழுதினேன்

முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த அறைக்குள் போன மாதம் நோயாளியாகப் போனேன். மூன்று வாரமாக வறட்டு இருமல். எங்கள் வீடு காளவாசலில். சிக்னலில் நிற்கிற பஸ்களின் புகை நேராக மாடிக்கு வரும். அதனால்தான் இருமல் என்று சொல்லிப் பார்த்தேன். மகன் கேட்கவில்லை. "நீங்க ஊருக்கெல்லாம் ஊத வச்சீங்க. நீங்களும் ஒரு தடவ ஊதிட்டு வாங்கம்மா" என்றான்.

நான் பார்த்தது அந்த வேலைதான். ஆஸ்துமா, இளைப்பு என்று வருகிறவர்களை ஒரு குழாய் வழியாக ஊதவைத்து, நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்று அளப்பது. மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய்ப் பிரிவில் டெக்னீஷியன்.

அறையில் இப்போது புது மிஷின் வந்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிறது. என் இடத்துக்கு வந்திருக்கும் ஜெனிபர் மூக்கில் கிளிப்பை மாட்டி, அட்டைக் குழாயை வாயில் கொடுத்தாள். ஊதினேன். பாதியில் இருமல் வந்துவிட்டது. திரையில் ஒரு சிவப்புக் கட்டம் எழுந்தது. முயற்சி போதாது, மறுபடி ஊதவும் என்று இங்கிலீஷில்.

"இப்ப நாங்க மண்டையப் போட்டு ஒடைக்க வேண்டியதில்ல மேடம். எது நல்ல ஊது, எது மோசமான ஊதுன்னு மிஷினே சொல்லிரும்" என்றாள்.

அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை என்று அடுத்த பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது, தொண்டைச் சளிதான். ஆனாலும் ஆட்டோவில் வீடு வருகிறவரை கை ஈரமாகவே இருந்தது. அதே இரண்டு வார்த்தைகளை ஒரு முறை என் கையால் எழுதி, ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அதைப் பற்றி இதுவரை நான் எங்கேயும் எழுதியதில்லை.

என் அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். பி.எஸ்ஸி. முடித்ததும் ஆஸ்பத்திரி லேபில் சேர்த்துவிட்டார். ரத்தம், சளி என்று இரண்டு வருஷம் ஓடியது. ஊதும் மிஷின் புதிதாக வந்தபோது, சத்தமாகப் பேசக்கூடியவர் யார் என்று கேட்டார்கள். எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். பயிற்சி என்று நான் பெற்றது வேலூரில் ஆறு வாரம். மீதியெல்லாம் டாக்டர் ராஜரத்தினத்திடம்.

அவர்தான் பிரிவின் தலைவர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். ரிப்போர்ட்டை மேஜைமேல் விரித்து, பேனாவைத் திருப்பிப் பிடித்து, மூடிப் பக்கத்தால் கோட்டின்மேல் மெதுவாக நகர்த்துவார். தப்பு இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒற்றை விரலால் தாளை என் பக்கம் தள்ளிவிடுவார். அந்தத் தாள் மேஜைமேல் நகர்கிற சத்தம் கேட்டாலே தப்பு எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

அவர் வைத்த ஒழுங்கு இதுதான். காலையில் முதல் வேலை, மூன்று லிட்டர் காற்று பிடிக்கிற பெரிய சிரிஞ்சால் மிஷினுக்குள் காற்றைத் தள்ளி, அது சரியாக மூன்று காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமைகளில் அவரும் நானும் ஊதி, நோட்டில் எழுதுவோம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் குறைந்தால் கோளாறு மிஷினில். நோயாளியைச் செருப்பைக் கழற்றச் சொல்லி உயரம் அளக்க வேண்டும். முதுகு கூனியிருந்தால் கையை விரிக்கச் சொல்லி விரல் நுனிக்கு விரல் நுனி அளக்க வேண்டும். வேட்டி இறுக்கமாக இருந்தால் தளர்த்தச் சொல்ல வேண்டும். காலையில் இன்ஹேலர் அடித்தாரா என்று கேட்க வேண்டும். அடித்திருந்தால் இன்னொரு நாள். கூட வந்தவர்கள் வெளியே. இல்லாவிட்டால் அவர்களும் சேர்ந்து "ஊது, ஊது" என்று கத்துவார்கள், நோயாளிக்குச் சிரிப்பு வந்துவிடும்.

பிறகுதான் ஊதல். நெஞ்சு நிறைய இழுத்து, குழாயை உதட்டால் கவ்வி, ஒரே வீச்சில் வெடிக்கிற மாதிரி வெளியே விட்டு, காற்றெல்லாம் தீர்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் விட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் சட்டென்று உள்ளே இழுக்க வேண்டும். குறைந்தது மூன்று நல்ல ஊதல். எட்டுக்கு மேல் கூடாது. அதன் பிறகு இன்ஹேலர் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடியும் ஊதவைப்போம். மருந்துக்கு மூச்சு திறந்தால் அநேகமாக ஆஸ்துமா.

"நம்பர அப்புறம் பாருங்க, கிரேஸ். முதல்ல கோட்டப் பாருங்க" என்பார். ஊதும்போது மிஷின் ஒரு கோடு வரையும். நல்ல மூச்சு என்றால் கோடு செங்குத்தாக ஏறி, உச்சி தொட்டு, சாய்வாக இறங்கும். ஆஸ்துமா என்றால் இறங்குகிற பக்கம், ஈரத்துணி போட்ட கொடி மாதிரி தொய்ந்திருக்கும். கீழ்ப்பாதியில், உள்ளே இழுக்கும் மூச்சுக்கு ஒரு வளைவு.

வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் கழித்து சோலைமலை என்று ஒருவர் வந்தார். பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், நாற்பது வயது இருக்கும், தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. முதல் ஊதல் பிரமாதமாக வந்தது. இரண்டாவது குறைந்தது. மூன்றாவது இன்னும் குறைந்தது.

"என்னண்ணே, மொதத் தடவ அம்புட்டு நல்லா ஊதுனீக. இப்ப ஏன் ஏமாத்துறீக?" என்றேன்.

"ஏமாத்தலம்மா. நெஞ்சு பிடிக்குது."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. மூட்டை தூக்குற ஆளு நீங்க. ஊதுங்க, ஊதுங்க, விடாம ஊதுங்க."

நாலாவது, ஐந்தாவது. ஐந்தாவது ஊதலில் குழாய் வாயிலிருந்து நழுவி விழுந்தது. இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சை இழுத்தார். உதடு நீலம் பூத்துவிட்டது. நான் வராந்தாவில் ஓடினேன். நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, அவர் நிமிர்ந்து உட்கார முக்கால் மணி நேரம் ஆனது.

டாக்டர் அந்த ஐந்து கோடுகளையும் பார்த்தார். "இதுல எது ரிசல்ட்டு?" என்று கேட்டார்.

"முதல் ஊதல், சார். அதுதான் நல்லா இருக்கு."

தாள் என் பக்கம் நகர்ந்தது. "அஞ்சும் சேந்துதான் ரிசல்ட். வேகமா ஊதுனாலே இவருக்கு மூச்சுக்குழாய் சுருங்குது. அவரு உங்ககிட்ட வாயாலயும் சொன்னாரு, கோட்டாலயும் சொன்னாரு. ரெண்டையும் நீங்க கேக்கல."

அன்றைக்குப் பிடித்த பயம் பல வருஷம் என்னை விடவில்லை. யார் கொஞ்சம் திணறினாலும் "போதும், போதும்" என்று நிறுத்திவிடுவேன். நாலாவது ஊதல் கேட்க நாக்கு எழாது. எச்சரிக்கையாக இருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பயம் உள்ளே இருக்கும்போதுதான் முத்துமாரி வந்தாள்.

அழகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். இருபத்தாறு வயது. கல்யாணமாகி, எதனாலோ திரும்பிவந்து அம்மா வீட்டில் இருந்தாள். களை எடுக்கப் போகிறவள், நாலைந்து மாதமாக வரப்பில் நடந்தாலே இளைப்பு என்று வந்தாள். வேறு எங்கோ ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலரும் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். மாத்திரையால் முகம் உப்பியிருந்தது. மூச்சு மட்டும் தேறவில்லை. கூட அவள் அம்மா வந்திருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் அவர்தான் பதில் சொன்னார்.

"சின்ன வயசுல வீசிங் இருந்துச்சா?"

"இல்லம்மா. இப்பத்தான்."

"முன்னாடி ஏதாவது ஆஸ்பத்திரில சேத்து வச்சிருந்தீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல." பதில் வேகமாக வந்தது. முத்துமாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே கூட்டிப்போய் ஊதவைத்தேன். அன்று வெளியே நல்ல கூட்டம். முதல் கோட்டில் உச்சியே இல்லை. கொஞ்சம் ஏறி, அப்படியே தட்டையாக ஓடியது. இரண்டாவதும் அப்படி. மூன்றாவதில் அவள் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு சோலைமலையின் உதடு ஞாபகம் வந்தது. "போதும்மா" என்றேன். இன்ஹேலர் கொடுத்துப் பார்த்தோம். மாற்றம் இல்லை. பயந்த பெண், வேகமாக ஊதத் தெரியவில்லை என்று முடிவு செய்து ரிப்போர்ட்டின் அடியில் எழுதினேன்: முயற்சி போதாது. நோயாளி ஒத்துழைக்கவில்லை.

அந்த வாரம் டாக்டர் ராஜரத்தினம் ஊரில் இல்லை. பார்த்த சின்ன டாக்டர் என் குறிப்பைப் படித்தார். கோட்டை நம்ப முடியாது என்று ஒதுக்கிவிட்டு, மாத்திரையை ஏற்றி எழுதி, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து அவள் வந்தபோது, வராந்தாவில் ஆளைப் பார்க்கும் முன்பே மூச்சுச் சத்தம் கேட்டது. அதுதான் என்னை நிற்கவைத்தது. ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சை விடும்போது நெஞ்சில் விசில் கேட்கும். இவளுக்கு மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையிலிருந்து கீச்சென்று வந்தது.

ஒரே ஒரு முறை ஊதச் சொன்னேன். அதே தட்டைக் கோடு. அலமாரியிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்து, இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மேல்பாதியும் தட்டை, கீழ்ப்பாதியும் தட்டை. ஒரு பெட்டி மாதிரி. புதுப் பெட்டி பழையதைவிடக் கொஞ்சம் குள்ளம், அவ்வளவுதான். பழைய தாளிலேயே மூன்று ஊதல்களும் அச்சு மாறாமல் ஒன்றாக இருந்தன.

முயற்சி இல்லாமல் ஊதுகிறவர்களின் கோடு தடவைக்குத் தடவை மாறும். சோம்பேறித்தனத்தை யாராலும் ஒரே அளவாக நாலு தடவை செய்ய முடியாது. இந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் உயிரைக் கொடுத்து ஊதியிருக்கிறாள். காற்று போகிற பாதையில் ஏதோ ஒரு இடம் இறுகிக் கிடக்கிறது. அதுவும் நுரையீரலில் இல்லை, மேலே, கழுத்துப் பக்கம். இது தெரியாமல் நான் மூன்று வாரத்தை விழுங்கிவிட்டேன்.

கழுத்தில் மூச்சுக்குழாய் ஏன் இறுகும் என்று படித்திருந்தேன். ரொம்ப நாள் தொண்டைக்குள் குழாய் செருகியிருந்தால், அது அழுத்திய இடம் புண்ணாகி, ஆறும்போது தழும்பு சுருங்கும்.

கதவைச் சாத்தினேன். அவள் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"முத்துமாரி, உனக்கு எப்பவாவது தொண்டைக்குள்ள குழாய் வச்சு, மிஷின்ல மூச்சு குடுத்தாங்களா?"

கதவைப் பார்த்தாள்.

"அம்மா வெளிய இருக்காங்க. இங்க பேசுறது அவங்களுக்குக் கேக்காது."

"சொன்னா எழுதிப்புடுவீகளா?"

"டாக்டர்கிட்ட மட்டும் சொல்லுவேன். நீ சொன்னதா அம்மாவுக்குத் தெரியாது."

பிறகு, இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சாகச் சொன்னாள். "பூச்சிமருந்தக் குடிச்சிட்டேன்… வேற ஊர் ஆஸ்பத்திரில… பதினாறு நாளு மிஷின்ல கெடந்தேன். தங்கச்சிக்கு மாப்ள பேசிக்கிட்டிருக்காக. வெளிய தெரிஞ்சா வர்றவுக திரும்பிப் போயிருவாகன்னு அம்மா… வாயத் தொறக்கக் கூடாதுன்னுருச்சு."

ஏன் குடித்தாள் என்று நான் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் கையும் சில்லென்று இருந்தது.

தாள்களை எடுத்துக்கொண்டு டாக்டர் ராஜரத்தினத்தின் அறைக்குப் போனேன். இருபது தப்படி தூரம். அந்தத் தூரத்தில் பழைய ரிப்போர்ட்டைக் காட்டாமலே விஷயத்தைச் சொல்லிவிட முடியுமா என்று யோசித்தேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். புதுத் தாள் ஒன்றே போதும். பழையதை யார் தேடப் போகிறார்கள். கதவைத் திறக்கும்வரை அந்த யோசனை இருந்தது.

இரண்டையும் மேஜைமேல் வைத்தேன். "போன தடவை நான் எழுதினது தப்பு, சார். அந்தப் பொண்ணு நல்லாத்தான் ஊதியிருக்கு" என்று தொடங்கி, அவள் சொன்னதையும் சொன்னேன்.

பேனா மூடி இரண்டு பெட்டிகளின்மேலும் போய்வந்தது. தாள் என் பக்கம் நகரவில்லை. நான் தாள்களை எடுப்பதற்குள் எழுந்துவிட்டார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. ஸ்டெதஸ்கோப்பை முத்துமாரியின் நெஞ்சில் வைக்காமல் நேராகத் தொண்டைக்குழியில் வைத்துக் கேட்டார். என்னை வெளியே கூப்பிட்டு, "ஒரு சளிக்கட்டி போய் அடைச்சா முடிஞ்சிரும். இவங்க இன்னைக்கு பஸ் ஏறக் கூடாது" என்றார்.

ஆனால் அம்மா கிளம்பி நின்றார். பையைத் தோளில் மாட்டிவிட்டார்.

"அடுத்த வாரம் வாரோம் சார். நாளைக்குச் சின்னவளப் பொண்ணு பாக்க வாராக. வீட்டுல போட்டது போட்டபடி கெடக்கு."

"இப்பவே கழுத்துல ஸ்கேன் எடுக்கணும்மா."

"நெஞ்சு நோவுக்குக் கழுத்துல எதுக்கு?" என்று கேட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "நீ என்னத்தடி சொன்ன?"

டாக்டர் என் கையிலிருந்த தாளை வாங்கி அந்த அம்மா முன்னால் நீட்டினார். "அவங்க ஒண்ணும் சொல்லல. இந்தக் கோடுதான் சொல்லுது. மேலயும் தட்டை, கீழயும் தட்டை பாருங்க. இப்படி வந்தா அடைப்பு கழுத்துலதான்."

அந்த அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வாராகளே சார்…"

"வரட்டும்மா. அவங்க வர்றப்போ இந்தப் பொண்ணும் உயிரோட இருக்கணும்ல."

பை தோளிலிருந்து மெதுவாக இறங்கியது.

ஸ்கேன் அறைக்கு முன்னால் அன்று நான் நின்ற நேரத்தை மறக்க முடியாது. படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டியது. தலையணை அடுக்கி, சாய்த்துப் படுக்கவைத்து, கண்ணாடி வழியாக அவள் வயிறு ஏறி இறங்குவதையே எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு முறை இருமினாள். அந்த இருமல் முடிந்து அடுத்த கீச்சு வரும்வரை கதவுப் பிடியிலிருந்து என் கை எடுபடவில்லை.

குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாய் குளிர்பானம் உறிஞ்சுகிற ஸ்ட்ரா அளவுக்குச் சுருங்கியிருந்தது. அன்று சாயங்காலமே காது மூக்கு தொண்டை டாக்டர்கள் உள்ளே கருவி விட்டு விரித்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் மறுபடி சுருங்கியது. மறுபடி விரித்தார்கள். மூன்றாவது முறை வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தழும்பான துண்டை வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். தையல் இழுபடாமல் இருக்க, தாடையை நெஞ்சோடு சேர்த்துத் தையல் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் குனிந்தபடியே கிடந்திருக்கிறாள்.

இதற்கு நடுவில் ஒரு நாள், பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "கிழிக்காதீங்க. கீழ எழுதுங்க" என்றார். எழுதினேன். மேலே உள்ள குறிப்பு தவறு, நோயாளி முழு முயற்சியுடன் ஊதினார் என்று, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை ஒத்துழைக்கவில்லை என்ற சொல்லை நான் எழுதவில்லை. இருமினார், குழாயைச் சுற்றிக் காற்று கசிந்தது, மூன்று முறையும் ஒரே மாதிரி வந்தது என்று, கண்ணால் பார்த்ததை எழுதினேன். சந்தேகம் இருந்தால் சற்று உட்காரவைத்து நாலாவது ஊதலும் கேட்டேன். கேட்கும்போது ஒவ்வொரு தடவையும் நெஞ்சு படபடக்கும். கடைசி நாள்வரை அது போகவில்லை. ஜெனிபரிடம் போன மாதம் இதில் பாதியைத்தான் சொன்னேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து ஏழெட்டு மாதம் கழித்து முத்துமாரி பரிசோதனைக்கு வந்தாள். முகத்து வீக்கம் வடிந்து வேறு ஆள் மாதிரி இருந்தாள். குரல் மட்டும் கொஞ்சம் கரகரப்பு. அம்மாவும் வந்திருந்தார். தங்கைக்கு அதே இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள்.

ஓ.பி.யில் அன்று உட்கார இடமில்லை. ஒரு பயிற்சி டாக்டர், புதிதாக வந்த சின்னப் பெண், பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்று எல்லோரிடமும் விவரம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். முத்துமாரியிடம் வந்ததும், கையிலிருந்த விவர ஃபாரத்தைப் பார்த்து, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "முன்னாடி எப்பவாவது வென்டிலேட்டர்ல இருந்தீங்களா? எதுக்காக?" என்றாள்.

நான் என் அறை வாசலில் நின்றிருந்தேன். குறுக்கே போய் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். முத்துமாரி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அதற்குள் அவள் அம்மா பேசிவிட்டார்.

"எம் மக மருந்தக் குடிச்சாம்மா. பதினாறு நாளு மிஷின்ல கெடந்தா. தொண்டைக்குள்ள கொழா வச்சிருந்தாக, அதுல வந்த கோளாறு. நாந்தேன் யாருட்டயும் சொல்லாம மறைச்சு வச்சேன். எழுதிக்க. நாளைக்கு யாரு பாத்தாலும் தெரியுற மாதிரி பெருசா எழுது."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா யாரையும் பார்க்கவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பயிற்சி டாக்டர் எழுதி முடிக்கிறவரை அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.